அட்டைக்குக் கிடைத்த சான்று

ஒரு பொருளைச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி விற்பவர், அந்த நன்மை முழுப் பொருளுக்கும் உரியதா, அதன் ஒரு பகுதிக்கா, தயாரிக்கும் முறைக்கா, அல்லது பொருளோடு வரும் உறைக்கும் அட்டைக்கும் மட்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசு நுகர்வோருக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் இப்படி இருக்கிறது. 'பசுமை', 'இயற்கை' போன்ற சொற்களை வெறுமனே அச்சடித்துவிட்டுப் போய்விட முடியாது, ஆதாரம் வேண்டும், அது வாங்குபவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நல்ல விதி. நான் பேனா வைத்துத் திருத்த வேண்டிய இடம் அதில் அதிகம் இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய வரைவுகளைத் திருத்தியே ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், இது சாதாரணப் பாராட்டு அல்ல.

இப்படி ஒரு விதி இருப்பது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், நாற்பது டி-ஷர்ட்டுகளை வாங்கி, அவற்றை நாற்பது பேர் போட்டுக்கொண்டு வியர்த்து முடித்த பிறகு.

செம்பாக்கம் ஏரிக்கரையில் எங்கள் தெரு இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை, மழைத் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும், ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுவோம். அடுத்த ஆண்டுக்குள் அது மறுபடி வளர்ந்துவிடும். நாங்களும் மறுபடி இறங்குவோம். இதற்கென்று குடியிருப்போர் நலச் சங்கம் இருக்கிறது. தலைவர் இந்த ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய அப்பா காலத்தில் இந்த ஏரித் தண்ணீரில்தான் அவர்கள் வயல் விளைந்தது. இப்போது அந்த வயலில் நாங்கள் குடியிருக்கிறோம், அவர் மெயின் ரோட்டில் கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். நான் செயலாளர். எழுதத் தெரிந்தவர் யார் என்று கேட்டபோது மற்றவர்களெல்லாம் கூரையைப் பார்த்தார்கள்.

சென்ற ஆண்டு ஜனவரியில், ஏரியில் இறங்குபவர்களுக்கு ஒரே மாதிரி உடை வேண்டும் என்று முடிவானது. இரண்டு முன்மொழிவுகள் வந்தன.

ஒன்று, என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் பெண்மணியுடையது. முன்னறையில் இரண்டு தையல் மெஷினும் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றும் போட்டு, ரவிக்கையிலிருந்து பள்ளிச் சீருடைவரை தைப்பவர். கடற்கரை ஊரொன்றிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் சொன்னது சுருக்கமானது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், ஆளுக்கொரு பழைய சட்டை கொண்டு வாருங்கள், சீருடை தைத்து மிஞ்சிய நீலத் துண்டுகள் ஒரு மூட்டை இருக்கின்றன, முதுகில் ஒரு நீலப் பட்டை வைத்துத் தைத்துத் தருகிறேன். இதை நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

மற்றொன்று, ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஒரு துணிக்கடையின் வழியாக, டி-ஷர்ட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து வந்தது. வழவழப்பான தாளில் ஒரு கையேடு. மாதிரிக்கு ஒரு டி-ஷர்ட். அதன் நெஞ்சில் ஒரு பச்சை இலை. கழுத்தில் சணல் கயிற்றில் தொங்கிய பழுப்பு நிற அட்டை. அட்டையின் முன்பக்கம் 'ஆர்கானிக் பருத்தியுடன். பூமிக்கு அன்புடன்' என்று இருந்தது. பின்பக்கம் ஒரு வட்ட முத்திரையும் அதன் கீழே ஒரு சான்றிதழ் எண்ணும்.

அந்த எண்ணில்தான் நான் விழுந்தேன். என் வாழ்க்கை எண்களோடு கழிந்தது. எண் இல்லாத மனுவை நாங்கள் மனுவாகவே கருதுவதில்லை. ஒரு காகிதத்தில் எண்ணும் சாய்கோடும் ஆண்டும் இருந்துவிட்டால், அது நடந்ததற்குச் சாட்சி. பூமியின் மேல் அன்பு என்று வெறுமனே சொன்னால் நானும் சிரித்திருப்பேன். பன்னிரண்டு இலக்கம் போட்டு அன்பைச் சொன்னால் எழுந்து நிற்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

கொள்முதல் துணைக்குழுவில் மூன்று பேர். ஒருவர் மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தார். ஒருவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. ஆகவே குழு ஒருமனதாக முடிவெடுத்தது. தீர்மானப் புத்தகத்தில் என் கையால் இப்படி எழுதினேன்: டி-ஷர்ட்டுகள் இன்ன எண்ணுள்ள சான்றிதழ் பெற்றவை என்பதால் ஏற்கப்படுகின்றன. உள்ளூர்த் தையலகத்தின் முன்மொழிவு, துணிக்குச் சான்று ஏதும் இல்லாமையால், நம்பத்தக்கதன்று எனக் கருதி நிராகரிக்கப்படுகிறது.

'நம்பத்தக்கதன்று' என்ற சொல்லை எழுதும்போது எனக்கு ஒரு சின்ன திருப்திகூட இருந்தது. நிறைவான சொல். பக்கத்தைப் படம் எடுத்து வழக்கம்போலத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு தலைவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னா சார் இது? பருத்தின்னீங்க. உடம்புல பிளாஸ்டிக் கவர் சுத்துன மாரி ஒட்டிக்கினு கீது."

"புதுத் துணி, தலைவரே. துவைச்சாச் சரியாயிடும்."

"நான் பொறந்ததுல இருந்து பருத்திதான் போடறேன். எதுவும் இப்டி கொதிச்சதில்ல. என்ன மட்டும்தான் வேக வெக்கிதா, இல்ல எல்லாரையுமா?"

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்தான் வேக வைத்தது. எனக்கு அதோடு வயிற்றுப் பக்கம் இறுக்கமும் இருந்தது. துவைத்த பிறகு இறுக்கம் அப்படியே இருந்தது, இலை மட்டும் கொஞ்சம் வெளிறியது. மறுவாரம் சட்டையை எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போனேன். வேறு தையற்காரரைத் தேடிச் செம்பாக்கம் முழுக்க நடந்திருக்கலாம். ஆனால் மூன்றாவது வீடு பக்கம்.

மெஷினை நிறுத்தாமலே தையற்காரப் பெண்மணி கேட்டார். "இன்னா சார் பண்ணணும்?"

"வயித்துப் பக்கம் பிடிக்கிறதும்மா. ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட முடியுமா?"

சட்டையை வாங்கி உள்பக்கம் திருப்பினார். "விடறதுக்கு இதுல இன்னா கீது? தையலுக்கு வெளிய கால் இஞ்சுகூட வெக்கல. சான்று வெச்சிட்டாங்க இல்ல, அப்புறம் துணி எதுக்கு?"

அவர் அடி மடிப்பில் ஊசியை விட்டு, தையல் நூலை விட்டுவிட்டுத் துணியிலிருந்தே ஒரு நூலை இழுத்தார். துணி வெட்டும் மேசையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசி, நூலின் நுனியில் காட்டினார். நூல் எரிந்து சாம்பலாகவில்லை. சுருண்டு, உருகி, நுனியில் ஒரு கறுப்பு மணி கட்டிக்கொண்டது. ஆறியதும் அதை என் உள்ளங்கையில் வைத்தார். கல் மாதிரி இருந்தது. பிறகு தன் காலடியில் கிடந்த வெள்ளைத் துண்டிலிருந்து இன்னொரு நூலை இழுத்துக் கொளுத்தினார். அது காகிதம்போல எரிந்து, காகித வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தது.

"இது பருத்தி. அது வாட்டர் பாட்டில் குடும்பம்."

"ஆர்கானிக் பருத்தின்னு போட்டிருக்கே?"

"பருத்தியுடன்னு போட்டுக்கீது. கூட வந்துக்கீது, அவ்ளோதான். நா ஒண்ணு சொல்லட்டுமா சார்? எங்கம்மா மீன் விக்கிறவங்க. வாங்க வர்றவங்கள்ல ரெண்டு வகை. ஒருத்தர் ஐஸ பாப்பாரு. எவ்ளோ ஐஸ் போட்டுக்கீறாங்க, பளபளன்னு கீதுன்னு சந்தோசமா வாங்கினு போவாரு. இன்னொருத்தர் செவுள தூக்கிப் பாப்பாரு. அவர்கிட்ட எங்கம்மா வாயே தொறக்க மாட்டாங்க. நீங்க ஐஸ பாத்துட்டீங்க."

"சட்டைக்குச் செவுள் எங்கே இருக்கு?"

இடப்பக்கத் தையலோடு உள்ளே செருகித் தைத்திருந்த, நகத்தளவு வெள்ளை நாடாவை நிமிர்த்திக் காட்டினார். முன்பக்கம் தொங்கும் அட்டை வியாபாரி பேசுவது. உள்ளே தைத்திருக்கும் நாடா, எதனால் செய்தது என்று சொல்லியாக வேண்டிய இடம். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தேன். பாலியெஸ்டர் அறுபத்தைந்து. பருத்தி முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்தில் ஆர்கானிக் எவ்வளவு என்பது நாடாவிலும் இல்லை, அட்டையிலும் இல்லை.

நான் கிளம்பப் பார்த்தேன். அவர் மெஷினை மறுபடி ஓட்ட ஆரம்பித்து, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நம்பத்தக்கதன்றுன்னா இன்னா சார் அர்த்தம்?"

நான் சட்டையை மடிக்க ஆரம்பித்தேன்.

"எம் பொண்ணு படிச்சு சொல்லிச்சு. ஸ்கூல்லயும் படிச்சிட்டாங்க."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஏரி ரோட்டில் இருக்கும் பள்ளிக்கு மூன்று ஆண்டுகளாக இவர்தான் சீருடை தைத்து வந்தார். அந்தப் பள்ளியின் அலுவலகக் கணக்கர் எங்கள் தெருக்காரர், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர். நான் போட்ட பக்கத்தை அவர் பள்ளியில் காட்டியிருக்கிறார். சங்கமே நம்பாத கடையில் நாம் ஏன் தைக்க வேண்டும் என்று பள்ளியில் யாரோ கேட்டார்கள். ஜூன் மாதத்துச் சீருடை வேறு கடைக்குப் போய்விட்டது.

"நான் அவங்களாண்ட சண்டைக்குப் போகல," என்றார். "நீங்க எழுதினது தப்புன்னு சங்கத்துல எழுதிக் குடுத்தா அடுத்த வருசத்துக்குப் பாக்கறோம்னு சொல்லிக்கீறாங்க. ஜனவரி கடைசிக்குள்ள குடுக்கணுமாம். கூட ஒரு பொண்ண ஆளா வெச்சி தைக்கறேன் சார். சீருடை இல்லன்னா அந்தப் பொண்ண நிறுத்தணும்."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அட்டையை எடுத்தேன். அதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டேன் என்பது சொல்லாமலே விளங்கும், கோப்பில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். முத்திரைக்கு மேலே, எறும்பு வரிசை போன்ற எழுத்தில் ஒரு வரி: இந்த அட்டை மறுசுழற்சி செய்த காகிதத்தால் ஆனது. சான்று வழங்கும் அமைப்பின் தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடினேன். எண் உண்மையானது. நடப்பில் இருப்பது. ஓர் அட்டை அச்சகத்தின் பெயரில் இருந்தது.

அட்டை தன்னைப் பற்றிய உண்மையைத்தான் சொன்னது. அதைச் சட்டைக்கு உரியதாக எழுதி வைத்தவன் நான். கடைக்காரர்கூட அப்படி எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை, எங்கள் மாதிரி ஆட்கள் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். வரிசையாக இலை, சணல் கயிறு, பழுப்பு அட்டை, முத்திரை, எண் என்று வைத்துவிட்டால் மிச்சத்தை வாங்குபவரே பூர்த்தி செய்துகொள்வார்.

தவறு தெரிந்துவிட்டது, உடனே திருத்திவிட வேண்டியதுதானே என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு விதி பதினான்கு தெரியாது. சங்க விதிகளை எழுதியவன் நான். ஒரு சமயம், தெரு நாய்களுக்குச் சோறு வைக்கலாமா கூடாதா என்று ஒரே மாதத்தில் மூன்று முறை தீர்மானம் மாறியது. நாய்களே குழம்பிப்போயின. அதன் பிறகு பதினான்காவது விதியைச் சேர்த்தேன்: பதிவான தீர்மானத்தின் வாசகத்தை மாற்ற வேண்டுமானால், அதில் சம்பந்தப்பட்ட வெளியாரின் எழுத்துமூல விளக்கம் முதலில் பெறப்பட வேண்டும். அதாவது, நான் எழுதிய தவறான வரியை நான் அடிக்க வேண்டுமானால் துணி நிறுவனம் எனக்குப் பதில் எழுத வேண்டும்.

"உங்களையே கட்டிப் போடறதுக்கு நீங்களே கயிறு திரிச்சிருக்கீங்க," என்றாள். "அதுவும் சணல் கயிறு."

மார்ச் மாதம் முதல் கடிதம் போனது. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். ஆறு கேள்விகள், எண்ணிட்டு. ஆர்கானிக் பருத்தி எத்தனை பங்கு? யார் சான்று வழங்கியது? அது நூலுக்கா, துணிக்கா, தைத்த சட்டைக்கா? இப்படி. ஒப்புகை அட்டை பத்து நாளில் கையொப்பத்தோடு திரும்பியது. பதில் வரவில்லை. மே மாதம் நினைவூட்டுக் கடிதம். ஜூலையில் இரண்டாவது நினைவூட்டு, நகலோடு. மின்னஞ்சலிலும் அனுப்பினேன். நுகர்வோர் புகார் தளத்தில் பதிந்தேன், ஓர் எண் கொடுத்தார்கள். எண் கொடுத்தால் நான் எவ்வளவு மகிழ்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். தளத்தைத் திறக்கும்போதெல்லாம் நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருப்பதாகவே காட்டியது. நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

தையற்காரப் பெண்மணி வழியில் பார்த்தால் ஒரு சொல் கேட்பார். "வந்திச்சா?"

"நினைவூட்டு போட்டிருக்கேன்."

"யாருக்கு சார் நினைவு போச்சு? அவங்களுக்கா, உங்களுக்கா?"

இதற்கு நான் பதில் தயாரித்து முடிப்பதற்குள் அவர் தெரு முனையைத் தாண்டியிருப்பார்.

தீபாவளிக்கு முன்னால் மனைவியோடு தாம்பரத்தில் துணி எடுக்கப் போனேன். செவுளைத் தூக்கிப் பார்க்கப் பழகிய பிறகு நான் போன முதல் துணிக்கடை அது. ஒரு மாடி முழுவதும் பச்சை. செயற்கைப் புல், செயற்கைக் கொடி. கொடியைத் தொட்டுப் பார்த்தேன், பாலியெஸ்டர். ஒரு வரிசைச் சட்டைகளுக்கு மேல் 'மூங்கில் சட்டை, இயற்கையின் பரிசு' என்று பலகை.

விற்பனையாளரைக் கேட்டேன். "மூங்கில்ல இருந்து எப்படித் தம்பி நூல் எடுக்கறாங்க?"

"செம சாஃப்ட்டா கீது பாருங்க சார்."

"சாஃப்ட்டுதான். மூங்கில் சாஃப்ட்டா இருக்காதே? அதை இப்படி ஆக்கணும்னா கூழாக்கி, ரசாயனத்துல கரைச்சு, அப்புறம்தான் இழையா இழுக்கணும். உள்ள நாடாவுல விஸ்கோஸ்னுதான் எழுதியிருக்கு. பலகையில மட்டும் மூங்கில்."

"அதுலாம் கம்பெனி மேட்டர் சார். ஆனா நல்லா போய்க்கினு கீது. நேத்துகூட ஒரு டாக்டர் ஆறு எடுத்துனு போனாரு."

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். "ஏங்க, துணி எடுக்க வந்தீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீங்களா?"

அடுத்து, படிக்கட்டின் அருகே ஒரு பெரிய பச்சைப் பெட்டி. பழைய துணிகளைப் போடுங்கள், பூமியைக் காப்போம், புதிய துணிக்குத் தள்ளுபடிச் சீட்டு பெறுங்கள்.

"இதுல போடற துணி எங்க போகுது?"

"வண்டி வந்து தூக்கினு போவும் சார்."

"வண்டி எங்க போகும்?"

நேர்மையான மனிதர். "அது தெரியாது சார். ஆனா அடுத்த வாரம் கரெக்ட்டா திரும்பி வந்துடும்."

வீட்டில் நல்லவிதமாக இருக்கும் சட்டையைப் பழையது என்று பெட்டியில் போட்டு, கிடைத்த சீட்டால் தேவையில்லாத புதிய சட்டையை வாங்கி, பூமியைக் காப்பாற்றிய நிறைவோடு வீடு திரும்பும் ஏற்பாடு இது. எங்கள் அலுவலகத்தில்கூட இவ்வளவு கச்சிதமாக ஒரு சுற்றறிக்கை எழுதியவர் கிடையாது.

மனைவி ஒரு பருத்திப் புடவை எடுத்தாள். அதில் இலைப் படமும் இல்லை, அன்பும் இல்லை. என்ன நூல், எந்த ஊர்த் தறி என்று ஒட்டியிருந்தது, கேட்டதற்குக் கடைக்காரர் ரசீதிலும் எழுதிக் கொடுத்தார். நான் எதுவும் எடுக்கவில்லை. அலமாரியில் பதினொரு சட்டைகள் இருந்தன. அவற்றில் எட்டு நான் ஓய்வு பெறுவதற்கு முன் வாங்கியவை, இன்னும் என்னைவிட நல்ல நிலையில் இருப்பவை. எதையும் வாங்காமல் திரும்பியவனுக்குச் சான்றிதழ் கொடுக்க எந்த அமைப்பும் இல்லை என்பது பேருந்தில் வரும்போது தோன்றியது. கொடுத்தால், சொல்வதற்கில்லை, அதையும் கோப்பில் வைத்திருப்பேன்.

ஜனவரி வந்தது. பதில் வரவில்லை. மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, தலைவருடைய கடை மாடியில் சங்கப் பொதுக்கூட்டம். தையற்காரப் பெண்மணி கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. பள்ளிக் கணக்கர் இரண்டு வரிசை முன்னால்.

ஏரிச் சுத்தம் பற்றிய பொருள் வந்ததும் தலைவர் என்னைப் பார்த்தார். "கம்பெனிலருந்து பதில் வந்திச்சா சார்?"

"வரல."

"அப்ப பதினாலு இன்னா சொல்லுது?"

"மாத்தக் கூடாதுன்னு சொல்லுது."

"அப்ப அடுத்த பொருளுக்குப் போலாமா?"

எனக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கடைசி வரிசையிலிருந்து யாரோ எழுந்து போக ஆயத்தமாகும் சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து நின்றேன்.

"பதினாலை எழுதினது நான். பத்து மாசமா அதைத் திருப்பித் திருப்பிப் படிச்சிட்டேன். ஒருத்தன் தப்பா ஒரு வரி எழுதினா, வேற ஊர்ல இருக்கற மூணாவது ஆள் கடுதாசி போடற வரைக்கும் அந்தத் தப்பு நிக்கணும்னு எழுதியிருக்கேன். இப்படி ஒரு விதியை எவனாவது எழுதுவானா?"

"நீங்கதான் சார் எழுதுனீங்க," என்றார் தலைவர். மாடி முழுவதும் சிரிப்பு.

"ஆமா. அதுவும் தப்பு. ரெண்டையும் திருத்தணும். விதியைத் திருத்த முறைப்படி மூணு வாரம் முன்னாடியே நோட்டீஸ் குடுத்திருக்கணும், குடுக்கல. ஏன்னா பதில் வந்துடும்னு நம்பிக்கிட்டு இருந்தேன். அதனால இன்னிக்கு நான் செய்யப் போறது முறை இல்ல. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா கை தூக்கலாம், பதிவு பண்ணிக்கிறேன்."

யாரும் கை தூக்கவில்லை. தலைவர் மட்டும் விசிறிக்கொண்டிருந்த கையை அவசரமாக இறக்கினார்.

அட்டையைக் காட்டினேன். எண் எதற்கு உரியது என்று சொன்னேன். நாடாவைப் படித்துக் காட்டினேன். கறுப்பு மணி என் சட்டைப்பையில் ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தது, அதையும் மேசையில் வைத்தேன். பிறகு தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, அந்த வரியின் மேல் அளவுகோல் வைத்து ஒரே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: மேற்கண்ட வாசகம் தவறு. குறிப்பிட்ட எண் அட்டைக்கு உரியது, சட்டைக்கு அன்று. தையலகத்தின் முன்மொழிவில் குறை ஏதும் காணப்படவில்லை. பிழை செயலாளருடையது. கையொப்பம், தேதி.

கூட்டம் முடிந்ததும் தையற்காரப் பெண்மணி வந்து புத்தகத்தைப் பார்த்தார்.

"கோடு போட்டும் படிக்க முடியுதே சார். நல்லா கிறுக்கி அழிச்சிருக்கலாம் இல்ல?"

"பதிவேட்டுல அழிக்கக் கூடாதும்மா. அடிச்சாலும் கீழ இருக்கறது தெரியணும். அதான் முறை."

"சரி, தெரியட்டும். எழுதினதும் நீங்கதான், அடிச்சதும் நீங்கதான்னு நல்லா தெரியட்டும்." பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். பள்ளிக் கணக்கர் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கக்கா, நாளைக்கு மேடத்துகிட்ட வெக்கிறேன்," என்றார். "அன்னிக்கும் நீதான வெச்ச," என்றார் அவர். கணக்கர் செருப்பைத் தேடிப் போனார்.

இந்த ஆண்டு யாருக்கும் புதுத்துணி கிடையாது. ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. இருக்கிற நாற்பது டி-ஷர்ட்டுகளை என்ன செய்வது? தூக்கி எறிந்தால் அவை போகும் இடம் ஏரியாகவே இருக்கலாம். பழைய சட்டை என்ற கணக்கில் அவையும் வரும், கொண்டு வாருங்கள் என்றார் தையற்காரப் பெண்மணி. முதுகில் தைப்பதாக இருந்த நீலப் பட்டையை இந்தச் சட்டைகளுக்கு மட்டும் முன்பக்கம், நெஞ்சில், சரியாக அந்தப் பச்சை இலையின் மேல் வைத்துத் தைத்தார். என் சட்டைக்கு மட்டும் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு நீலத் துண்டு கொடுத்து வயிற்றுக்கு இடம் விட்டிருந்தார். கேட்டதற்கு, "மூச்சு விடுங்க சார்," என்றார்.

பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறங்கினோம். போன வருடம் இழுத்துப் போட்ட ஆகாயத்தாமரை முழுவதும் அதே இடத்தில் எங்களுக்காகக் காத்திருந்தது. தலைவர் மட்டும் தன் பழைய பருத்திச் சட்டையில், முதுகில் நீலப் பட்டையோடு, உடம்பில் ஒட்டாமல் நிம்மதியாக இருந்தார். டி-ஷர்ட் போட்ட நாங்கள் பழையபடி வெந்தோம். பட்டை வைத்துத் தைத்துவிட்டால் பாலியெஸ்டர் பருத்தி ஆகிவிடாது.

இரண்டு நாள் கழித்து மூன்றாவது வீட்டைக் கடந்து போனபோது ஓவர்லாக் மெஷின் சத்தம் கேட்டது. உள்ளே அவரும், நிறுத்த வேண்டியிருக்கும் என்று அவர் சொன்ன அந்தப் பெண்ணும். மேசையில் அளவு எழுதிய பள்ளி நோட்டு ஒன்று. என்னைப் பார்த்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்காமல், நோட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தைப்பதைத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால் நிறுவனத்தின் பதில். ஐந்து வரி. எங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி. பூமியின் மேல் தாங்கள் கொண்டுள்ள அக்கறை எங்களை நெகிழச் செய்கிறது. தங்கள் கருத்து உரிய பிரிவின் கனிவான கவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஆறு கேள்விகளில் ஒன்றுக்கும் விடை இல்லை. கடைசி வரியை நான் இரண்டாவது முறை படிக்க வேண்டியிருக்கவில்லை. முப்பத்தோரு ஆண்டுகளில் அதே வரியை எத்தனை மனுதாரர்களுக்கு நான் எழுதியிருப்பேன் என்று எண்ண முயன்று விட்டுவிட்டேன். அவர்களும் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய ஜனவரியை மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள்.

கடிதத்தின் அடியில் ஒரு சிறிய பச்சை இலை. அச்செடுக்கும் முன் மரங்களை நினையுங்கள் என்று இருந்தது. நினைத்தேன். பிறகு, ஒரு பக்கம் ஏற்கெனவே பயன்படுத்திய தாளில் அச்செடுத்து, கோப்பில் கடைசிப் பக்கமாகச் சேர்த்து, மேல் ஓரத்தில் முறைப்படி எழுதினேன்: பெறப்பட்டது, பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை.